எங்கள் கூரைக்குள் ஒரு சம்பான்

ஞாயிற்றுக்கிழமைகளில் பாயில் படுத்தால் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழும். மழை இல்லை, ஏரித் தண்ணீர். தாரும் பாசியும் மீன் கவிச்சியும் கலந்த வாசம் அதற்கு. மலேசியாவின் கேமரன் மலை என்றாலே மற்றவர்களுக்குத் தேயிலையும் குளிரும் நினைவுக்கு வரும். எனக்குத் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கிய ஒரு மரப்படகின் வயிறுதான் வருகிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. எங்கள் தோட்டத்துச் சரிவின் கீழே அணை கட்டித் தேக்கிய ஏரி இருந்தது. அதில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் தன் ஊரான கம்போங்குக்கே திரும்பிப் போகும்போது தன் "சம்பானை", அந்தச் சின்ன மரப்படகை, என் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா தேயிலைக்கு மருந்து அடிக்கிறவர். வாரம் முழுவதும் முதுகில் மருந்துத் தொட்டி. படகு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் விட்டால் திருட்டுப்போகும். அதனால் நாலு பேர் தூக்கி, தேயிலைப் பாதை வழியாக எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்துப் போட்டார்கள். மறுநாளே தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வந்தார். வாசல் தோட்டத்து நிலமாம். பின்பக்கம் சாக்கடை ஓரமாக நகர்த்தினோம். அதுவும் தோட்டத்து நிலமாம். கோயில் கொட்டகையில் கேட்டால், மாரியம்மனுக்குக் கவிச்சி ஆகாது என்றார்கள். கடைசியில் அம்மா படகை வீட்டுக்குள் இழுக்கச் சொன்னார். ஒரு முன்னறையும் ஓர் அடுப்படியும்தான் வீடு. அறையைவிடப் படகு நீளம். வால் வாசலுக்கு வெளியே நின்றது, கதவைச் சாத்த முடியவில்லை, அந்த மலைக் குளிர் முழுவதும் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

கிராணி மறுபடியும் வந்தார்.

"தேயிலைத் தோட்டத்துல இருக்கறவனுக்கு சம்பான் எதுக்குடா முனியாண்டி? சனிக்கிழமை செக்கிங்குக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. இருந்துச்சு, வெட்டி ஃபேக்டரி அடுப்புக்கு அனுப்பிடுவேன்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் கிராணி வீடு வீடாக வந்து எட்டிப் பார்ப்பார். அடுப்படி சுத்தமா, சாக்கடை சுத்தமா என்று பார்ப்பதாகப் பேர். யார் வீட்டில் புது நாற்காலி வந்திருக்கிறது, யார் வீட்டில் சொந்தக்காரன் வந்து தங்கியிருக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா மேலே பார்த்தார்.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே பலகைச் சுவர். அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. தகரக் கூரையின் அடியில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரே வெற்றிடம். ஒரு வீட்டுச் சம்பல் வாசம் எல்லா வீட்டுக்கும் வரும். ஒரு வீட்டுச் சண்டையை எல்லோரும் கேட்கலாம். அந்த வெற்றிடத்தில் படகைக் குறுக்கே தொங்கவிட்டால் பாதி எங்கள் வீட்டிலும் பாதி பக்கத்து வீட்டிலும் இருக்கும். பக்கத்து வீட்டில் சரோஜா அக்கா. குழாயடியில் குடத்தை யார் முதலில் வைத்தார்கள் என்பதில் தொடங்கி, அவருக்கும் அம்மாவுக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சு இல்லை என்றால் லயத்தில் ஒரு வழி உண்டு. சுவரிடம் பேசுவது. அம்மா அடுப்படியில் நின்று, பக்கத்திலேயே இருந்த அப்பாவிடம் கத்தினார்.

"ஏங்க, யாரு வீட்டுலயாவது தலைக்கு மேல எடம் சும்மா கெடந்தா சொல்லச் சொல்லுங்க. வெட்டி அடுப்புல போடப் போறானாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் சட்டியை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சரோஜா அக்கா தன் பூனையிடம் சொன்னார்.

"கேட்டுக்க பூன. இத்தன நாளா நம்ம கண்ணுக்குத் தெரியல, இப்ப நம்ம கூரை மட்டும் தெரியுதாம்."

"வேணான்னா வேணான்னு சொல்லச் சொல்லுங்க!"

"வேணான்னு எவ சொன்னா? படகோட தலை எங்க பக்கம் வரணும். பின்பக்கத்த எங்க சாமி படத்துக்கு மேல தொங்க விட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்லா. அப்பறம், வர்ற மீனுல பாதி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம். அன்று சாயங்காலமே இங்கிருந்து தூக்கிக் கொடுக்க, அங்கிருந்து சரோஜா அக்காவும் அவர் புருஷனும் இழுக்க, படகு சுவர் மேல் ஏறியது. உத்தரத்தில் கயிறு கட்டினோம். முடிச்சுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

சனிக்கிழமை கிராணி வந்தார். தரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பிறகுதான் மேலே பார்த்தார்.

"எறக்கு."

அப்பா மெதுவாகச் சொன்னார். "என் பக்கம் வாலு மட்டுந்தான் ஐயா. தலை அங்க இருக்கு. அவங்களத்தான் கேக்கணும்."

கேட்கும் வரை காத்திருக்காமல் சரோஜா அக்காவே வாசலுக்கு வந்துவிட்டார். "என் பக்கத்த நான் எறக்க மாட்டேன். முடிஞ்சா பாதியா வெட்டி அவங்களுத எடுத்துக்கிட்டுப் போங்க."

கிராணிக்கு முகம் சிவந்தது. "உன் பக்கம், என் பக்கமா? இந்தக் கூரையே தோட்டத்துது, தெரியுமா?"

அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "தோட்டத்துதா? ஒழுகுது, தகரம் மாத்துங்கன்னு போன மழைக்குக் கேட்டப்போ, குடியிருக்கறவன் பாத்துக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க ஐயா, எல்லாரும் கேக்கட்டும். கூரை யாருது?"

அதற்குள் லயமே வாசலில் கூடிவிட்டது. கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் கூடையை இறக்காமல் நின்றார்கள். "எங்க வீட்டுலயும் ஒழுகுது!" என்று ஒருத்தி கத்தினாள். "நாளைக்கே ஆளை அனுப்புங்க கிராணி!" என்றாள் இன்னொருத்தி. ஆம் என்றால் லயம் முழுவதற்கும் தகரம் போட வேண்டும், இல்லை என்றால் படகைத் தொட முடியாது. கிராணி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

தகரம் வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் தோட்டத்திலேயே செங்குத்தான சரிவாகப் பார்த்து மருந்தடிக்கக் கொடுத்தார்கள். முழங்கால் வீங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே முழங்காலோடு எழுந்து, அங்கே தள்ளச் சொல்லி இங்கே பிடித்து, படகை இறக்கிக்கொண்டு ஏரிக்குப் போவார். பாதி மீன் சுவர் மேல் ஏறி அந்தப் பக்கம் போகும்.

எண்பதுகளில் அப்பாவை வயதாகிவிட்டதென்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை போனால் வீடும் போகும். அதுதான் தோட்டத்துச் சட்டம். மலையிலேயே திரிங்காப் என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்து அறைக்குக் குடிபோனோம். படகை அவிழ்க்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடம் சரோஜா அக்கா சொல்லிவிட்டார்: "மேல இருக்கறது முனியாண்டி அண்ணனோடது. கைய வச்சீங்க, பாத்துக்கங்க." அவர் புருஷன் அதை ஏரிக்குக் கொண்டுபோனார். திரிங்காப்புக்கு வரும் காய்கறி லாரியில் எங்களுக்கு மீன் வந்தது.

இப்போது அந்த லயம் இல்லை. அதே இடத்தில் சிமெண்டுக் கட்டடம். தோட்ட வேலைக்கு வந்த வேறு நாட்டுப் பிள்ளைகள் ஓர் அறைக்குப் பலர் என்று தங்கியிருக்கிறார்கள். சுவர்கள் கூரை வரைக்கும் போகின்றன. ஏரியில் பாதி சேறு. அப்பா இல்லை, படகு உளுத்துப் போய்விட்டது. இதையெல்லாம் சொன்னால், "என்ன இருந்தாலும் அந்தக் காலம் நல்ல காலம்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். நல்ல காலமா? பிறந்து வளர்ந்து உழைத்த இடத்தில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட எங்களுக்கென்று ஒரு பிடி மண் இருந்ததில்லை. அதை நான் இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. எந்தக் கிராணி சொல்லியும் நாங்கள் அந்தப் படகை இறக்கவில்லை. இறக்கியதெல்லாம் மீன் பிடிக்கத்தான்.