பத்திரிகையில் போட்ட டாக்டர்

எங்க ஊட்டுல அதிகமாப் படிச்சது மதிவதனி. என் கொழுந்தன் கதிரோட பொண்டாட்டி. அவங்கப்பா கிணத்துக்கடவுல தோப்பு தோப்பாப் போயித் தேங்கா உரிச்சவரு. இவ கொட்டாங்குச்சியைக் கரியாக்கி, அதுல சாயத்தண்ணியைச் சுத்தம் பண்றதைப் பத்தி ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்குனா. இப்பத் துடியலூர்ல எங்களோட இருந்துக்கிட்டு ரெண்டு வயசுப் புள்ளைக்கு மூக்குத் தொடைச்சு உடறா.

போன மாசம் மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒண்ணுல போஸ்ட் டாக்டர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு விளம்பரம் வந்துச்சு. ரெண்டு வருஷம், சம்பளத்தோட. இவ பண்ணுன அதே கரி, அதே சாயத்தண்ணி. பட்டம் வாங்கி மூணு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பட்டமளிப்பு விழா நவம்பர்ல நடந்துச்சு, மூணு வருஷம் ஆக இன்னும் அஞ்சு மாசம் கெடக்குதுன்னு தெம்பா உக்காந்து எழுதுனா. அந்தப் பத்து நாளும் புள்ளைய நாந்தான் இடுப்புல வெச்சுக்கிட்டுச் சமைச்சேன்.

எல்லாம் முடிச்சு, ஒரு சந்தேகத்துக்கு அந்த ஆபீசுக்குப் போன் போட்டா.

"விழாத் தேதி செல்லாதுங்க மேடம். யுனிவர்சிட்டி முதல்ல குடுத்த தற்காலிகச் சான்றிதழ் தேதிதான் கணக்கு."

அதுல மூணு வருஷத்துக்கு முந்துன மே பன்னெண்டு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மே முப்பத்தொண்ணு. பத்தொன்பது நாள்ல அந்தக் கரி கெட்டா போயிரும்?

"நடுவுல பிரசவமுங்க சார். பொம்பளைகளுக்குத் தளர்வு இல்லீங்களா?"

"வயசுல உண்டு மேடம். இதுல இல்ல."

வெச்சுப்போட்டான்.

அந்த மே பன்னெண்டு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கடைசி வாய்மொழித் தேர்வை ஜூன் கடைசியில வெச்சுக்கலாம்னுதான் அவ புரொபசர் சொன்னாரு. கண்ணாலம் ஜூன் ரெண்டு. பத்திரிகையில டாக்டர்னு போட்டே ஆவோணும்னு எங்க மாமனார் மயில்சாமி ஒத்தக்கால்ல நின்னாரு. "நம்மள வாசலுக்கு வெளிய நிக்க வெச்சுப் பேசுன ஊட்டுக்கெல்லாம் அந்தப் பத்திரிகையைக் கொண்டு போயிக் குடுக்கோணும் கண்ணு"ன்னாரு. நானும் சேர்ந்துக்கிட்டேன். பிரஸ்ல அச்சடிக்காம நிறுத்தி வெச்சுட்டு இவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எம்.எஸ்சி.ன்னே போடுங்க. அவசரப்பட்டா ஒரு கட்டுரை நின்னுபோகுமுங்க."

"ஏன் அம்மணி, கண்ணாலத்துக்கு வர்றவன் உன்ற கட்டுரையா படிக்கப் போறான்? சாப்பாட்டப் பாத்துட்டுப் போவான்."

புரொபசர்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி மே மாசத்துலயே முடிச்சா. ஜூன்ல முடிச்சிருந்தா இன்னைக்கு விண்ணப்பம் போயிருக்கும்.

போன் வெச்ச சாயங்காலமே காரமடையில இருந்து மாமனாரோட கூட்டாளி வந்தாரு. மாமனாரு எப்பவும்போல சோகேஸ் மேல பிரேம் போட்டு வெச்ச பத்திரிகையை எடுத்து நீட்டுனாரு. "டாக்டர் மதிவதனி. படிச்சுப் பாருங்க!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அதைத் தூக்கி உள்ள போடுங்க மாமா!"

"ஏன் கண்ணு? நல்லாத்தான இருக்குது?"

காப்பித் தட்டோட வந்த மதி என்னைப் பாத்தா.

"இருந்துட்டுப் போகட்டும் உடுங்கக்கா. அடிக்கச் சொன்னதே நீங்கதான?"

நான் புள்ளையத் தூக்கிக்கிட்டுச் சமையக்கட்டுக்குப் போயிட்டேன்.