இரவல் நாக்கு

ஒரு துண்டைச் சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல வளைக்கிறார் குகநாதன். வளைகிறது, ஓரத்தில் நார் வெடிக்கிறது, ஒடியவில்லை. "பெர்ஃபெக்ட்!" என்று காரிடம் சொல்கிறார். அங்கே வேறு யாரும் இல்லை.

உலு திராமின் அந்த வரிசை வீடுகளில், கார் நிற்கும் இடத்தில் மின்சாரப் புகையடுப்பும் நிற்பது அவர் வீட்டில்தான். சின்ன ஐஸ்பெட்டி உயரம், கண்ணாடிக் கதவு. உள்ளே ரம்புத்தான் மரச்சீவல் புகைய, மாட்டிறைச்சித் துண்டுகள் ஆறு மணி நேரம் காய்ந்து கறுக்கும். "உப்புக்கண்டமா, அங்கிள்?" என்று யாராவது கேட்டால் முகம் சுண்டிவிடும். "உப்புக்கண்டம் இல்ல லா. ஜெர்க்கி."

நில அளவைத் துறையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். இறைச்சியைப் பாதி உறையவைத்து, எஃகு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மில்லிமீட்டருக்கு அறுப்பார். நான்காகிப்போன துண்டு பூனைக்கு. தெருப் பூனை அவருடைய பிழைகளாலேயே கொழுத்துக் கிடக்கிறது.

சுவையைப் பற்றி அவர் பேசக் கேட்கவேண்டும். "மொதல்ல புகை வந்து தொடும். அப்புறம் இனிப்பு. மிளகு கடைசியில, பின்வாசல் வழியா வரும்." கேட்பவர்களுக்கு எச்சில் ஊறும். ஒரே ஒரு சங்கடம்: குகநாதன் பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியை வாயில் வைத்ததில்லை. "செய்றது வேற, சாப்பிடுறது வேற" என்பது அவருடைய சித்தாந்தம். புகை, இனிப்பு, பின்வாசல் எல்லாம் பக்கத்து வீட்டு ரூபேந்திரன் எப்போதோ மென்றுகொண்டே சொன்னவை. அவர் தேவாலயத்துக்குப் போகிறவர், மாடு தடையில்லை.

மனைவி சுபத்திராவின் சட்டங்கள் தனி. அந்தக் கத்தியும் பலகையும் வீட்டுக்குள் வரக்கூடாது. குளிக்காமல் அவர் சாமி அறைப் பக்கம் போகக்கூடாது. புகை மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அடங்காமல் அவளுடைய சேலைகளில் குடியிருக்கிறது.

இன்று ரூபேந்திரனின் தேவாலயத்தில் உணவுச் சந்தை. பத்து மணிக்குக் கடை. மூன்றடிப் பதாகையில் குகநாதன் கைகட்டி நிற்கிறார். கீழே 'மாஸ்டர் குகா'. எண்பது பொட்டலம் போடுவதாக வாக்கு. எட்டரைக்கு, பொட்டலம் கட்டும் முன் குறிப்பேட்டைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். சோயா கிச்சாப், சீனி, மிளகு, எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு சரிக்குறி. உப்புக்கு எதிரே இரண்டு.

"சுபா, ஊறப்போடறப்ப நான் உப்பு ரெண்டு தடவ போட்டேனா?"

"ஒரு துண்ட வாயில போட்டா தெரிஞ்சிடும்."

"அலமாக்! என்ன பேச்சு இது?"

"அப்ப ஊருக்கே குடுத்துக் கேளுங்க, மாஸ்டர்."

ரூபேந்திரனுக்குப் போன் போயிற்று. வந்தவரின் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. முந்தின நாள்தான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

"அண்ணே, இன்னிக்கு விட்டுடுங்க. கஞ்சியே எறங்க மாட்டேங்குது."

"வலது பக்கம் பல்லு இருக்குல்ல? அதுல மெல்லு. மெதுவா, தம்பி. நான் அவசரப்படுத்தல" என்ற குகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரூபேந்திரன் மென்றார். எதிரே முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்ற குகநாதனின் தாடையும் வலது பக்கமாகவே அசைந்தது.

"புகை வருதா?"

தலை ஆடியது.

"இனிப்பு?"

ரூபேந்திரன் மெல்வதை நிறுத்தினார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. முகம் காதுவரை சுருங்கியது. வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையை நீட்டி, "தண்ணி" என்றார்.

சுபத்திரா ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்தாள். குகநாதன் அதைப் பாதி வழியில் வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் தாமே குடித்து முடித்தார்.