ஒழுகாத விரிசல்

சிதம்பரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு நல்ல ரோட்டில் ஓடுகிற வண்டிகள் அதிகம் வராது. சேற்றிலும் மணலிலும் அடிபடுகிற டிராக்டர், ஜீப், கடற்கரை விடுதிக்காரர்கள் வாடகைக்கு விடுகிற நாலு சக்கர மணல் பைக், இதெல்லாம்தான் வரும். எது வந்தாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது என்ஜினை மூடியிருக்கும் உலோகக் கூட்டைத்தான். பட்டறையில் அதை ஹவுசிங் என்போம்.

மணல் பைக்குக்கு அது அலுமினியம். உப்புக்காற்று பட்டால் வெள்ளையாகப் பூத்து உதிரும். கல்லில் இடித்தால் உடைந்து எண்ணெய் கொட்டும், வண்டி நின்றுவிடும், ஓட்டியவன் திட்டிக்கொண்டே நடந்து வருவான். அவ்வளவுதான் நஷ்டம். ஜீப்பில் என்ஜினைத் தாங்க அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறது. ஹவுசிங் விரிந்தாலும் பாரத்தைச் சட்டம் சுமக்கும். நம்ம ஊர் டிராக்டருக்கு அந்தச் சட்டமே கிடையாது. முன்பக்கம் என்ஜின், பின்பக்கம் கியர்பாக்ஸ், இரண்டையும் போல்ட் போட்டு இணைக்கிற கனத்த வார்ப்பிரும்பு ஹவுசிங்தான் அதன் முதுகெலும்பு. மேலே துருப்பிடித்தாலும் லேசில் உடையாது. உடைந்தால் வண்டியே இரண்டாகப் போகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என் மாமாவுக்கு மட்டும் புரியவைக்க முடியவில்லை.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கடலூருக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த மீனவக் குப்பத்திலேயே இருக்கிறார். கரை திரும்புகிற ஃபைபர் போட்டுகளை டிராக்டரில் கயிறு கட்டி மேட்டுக்கு இழுப்பது அவர் வேலை. அந்தக் கரைக்கு அந்த ஒரு டிராக்டர்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் போட்டு முன்னால் வந்ததோ அதற்குத்தான் முதல் கயிறு. ஓட்டுகிறவர் வீட்டுப் போட்டு மட்டும் எப்போது வந்தாலும் கடைசியில்தான் ஏறும். தன் வீட்டுக்குச் சலுகை காட்டினார் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வாசலில் நின்ற டிராக்டரைப் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், ஹவுசிங்கின் அடிப்பக்கத்தில், போட்டு ஓட்டைக்கு ஒட்டுகிற அதே ஃபைபர் துணியும் ரெசினும் போட்டு ஒரு ஒட்டு. அழகாகத் தேய்த்துப் பெயின்ட்கூட அடித்திருந்தார்.

"என்னா மாமா இது?"

"எண்ணெ கசிஞ்சிது மச்சான். ஒட்டிட்டேன். இப்ப பாரு, ஒரு சொட்டு ஒழுவல."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியிலிருந்த உளியை எடுத்து ஒட்டைச் சுரண்டினேன். ஒன்றின் கீழ் இன்னொன்றாக மூன்று ஒட்டுகள் இருந்தன. அடியில் இருந்தது விரலளவு. அதற்கு மேல் கையளவு. மேலே இருந்தது முழங்கையளவு. விரிசல் வளர வளர மனிதர் துணியை நீளமாக வெட்டியிருக்கிறார்.

"போட்டுன்னா ஒழுவறது நோவு. ஒட்டுனா தீந்துச்சி. இது அப்டி இல்ல மாமா. எண்ணெ கசிஞ்சி நமக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சி. அதோட வாய நீங்க அடைச்சிட்டீங்க."

"நம்ம போட்டு எத்தினி வருசமா இந்த ரெசின்ல ஓடுது? கடலே அத ஒண்ணும் பண்ணல. நீ சும்மா ஜாஸ்தியா பயமுறுத்தாத."

அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவன் தொழிலு அது, சொன்னா கேளுங்களேன்" என்றாள். வேறு ஹவுசிங் கொண்டுவருகிற வரைக்கும் டிராக்டரை எடுப்பதில்லை என்று அவள் முன்னால் மாமா வாக்குக் கொடுத்தார். ஆனால் நான் கிளம்பும்போது ரெசின் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வழியெல்லாம் அந்த டப்பாவின் சத்தம் காதிலேயே நின்றது.

மங்கலம்பேட்டையில் பழைய டிராக்டர் உடைத்து விற்கிறவரிடம் அதே மாடல் ஹவுசிங் கிடைத்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், மணிபோலச் சத்தம் வந்தது, விரிசல் இல்லை. லோடு வண்டியில் ஏற்றும்போதே வானம் கறுத்திருந்தது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாக டிரைவர் சொன்னார். புயல் என்றால் கரையிலிருக்கிற அத்தனை போட்டையும் மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அக்காவுக்குப் போட்டேன், எடுத்தாள்.

"எல்லாரும் வந்து வாசல்ல நின்னாங்கடா. எப்டி முடியாதுன்னு சொல்லுவாரு? நல்லாத்தான் இழுக்குது. எல்லாருதும் ஏத்திட்டாரு. இன்னும் நம்முளுதுதான் பாக்கி."

"அத வுட்டுடச் சொல்லுக்கா! கடல் கொண்டுபோனா போவுது!" என்று கத்தினேன். அவள் கரைக்கு ஓடுகிற மூச்சிரைப்பு போனில் கேட்டது. பிறகு காற்றின் இரைச்சல்தான் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது டிராக்டரின் முன்பாதி மூக்கு குத்தி மணலில் கிடந்தது. பின்பாதி, சீட்டும் பெரிய சக்கரங்களுமாக, அலைக்குப் பக்கத்தில் கிடந்தது. பெரிய அலை ஒன்று போட்டைக் கடலுக்குள் இழுத்திருக்கிறது. கயிறு தாங்கியது, ஹவுசிங் தாங்கவில்லை. அந்தப் போட்டு மாமாவைச் சீட்டோடு இழுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கும் தன் விளிம்புக்கும் நடுவில் நசுக்கிவிட்டது. ஊரே சேர்ந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தது. மழையில் நின்று உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். நான் சுரண்டிய இடத்தில் புதிதாக ஒரு ஒட்டு. அதற்குப் பெயின்ட் அடிக்க நேரமில்லை போலிருக்கிறது.

மறுநாள் மதியம் கண் விழித்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"மச்சான், எண்ணெ ஒழுவிச்சா?"

"இல்ல மாமா. ஒரு சொட்டு ஒழுவல."

"அப்ப எப்டி ஒடைஞ்சிது?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அடியில் ஒரு கால்தான் இருந்தது. அதை அவர் இன்னும் பார்க்கவில்லை.