பழைய போனிலிருந்து எடுத்த மெமரி

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. என் கணவர் போன் விற்பார், நான் பழுது பார்ப்பேன். போன வருடக் கடைசியில் கொழும்பு மொத்த வியாபாரி விலையை ஏற்றிக்கொண்டே போனார். ஏன் என்று கேட்டேன்.

"மெமரி சிப்புக்குத் தட்டுப்பாடு, தங்கச்சி. ஏஐக்குக் கட்டுற பெரிய கொம்பியூட்டர் நிலையங்கள் எல்லாத்தையும் அள்ளுது. போன் செய்யிறவங்களுக்கு மிச்சம்தான்."

அடுத்து வந்த மலிவு போன்களில் விலை கூடி, மெமரி குறைந்திருந்தது. ஆட்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள்.

அந்த நாட்களில்தான் சிலாவத்துறையிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் அண்ணன், செத்துப்போன தன் போனோடு வந்தார். திறந்து பார்த்தேன். மெமரி சிப் போயிருந்தது.

"நானா, உள்ளுக்க இருந்த படங்கள் திரும்பி வராது. ஆனா போனை எழுப்பிப் பாக்கலாம்."

"எழுப்புங்கோ தங்கச்சி. இப்ப விக்கிற விலைக்குப் புதுசு வாங்கேலாது. போன் இல்லாட்டி கொழும்பு மீன் விலை எனக்குத் தெரிய வராது."

புது சிப் எங்கும் இல்லை. திரை நொறுங்கிக் கழித்துவிட்ட போன்களைக் கிளறினேன். அதே வகையில் ஒன்று இருந்தது, இரண்டு மடங்கு மெமரியோடு. பழகுவதற்காகச் சிப் கழற்றியிருக்கிறேன். வாடிக்கையாளரின் போனில் கை வைப்பது அதுதான் முதல் தடவை. சூடு கூடினால் சிப் கருகும், குறைந்தால் அடியிலிருக்கும் சுற்றுப்பலகையும் சேர்ந்து பிய்ந்து வரும். மூச்சை அடக்கிக் கழற்றி, ஈயம் வைத்து, நானாவின் போனில் செத்த சிப் இருந்த இடத்தில் பொருத்தினேன். திரை கறுப்பாகவே கிடந்தது.

மறுபடி கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு ஈயப் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. துடைத்து, புது ஈயம் போட்டுத் திரும்ப வைத்தேன். இந்த முறை திரையில் வெளிச்சம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முந்தி முப்பத்திரண்டு ஜீபி, இப்ப அறுபத்திநாலு காட்டுது!" போனை வாங்க வந்த நானா, அவர்தான் செய்தாரென்று நினைத்து என் கணவரின் கையைப் பிடித்தார். "பெரிய கெட்டிக்காரன் தம்பி நீங்க."

"எனக்கு விக்கத்தான் தெரியும், நானா. செய்தது அவ."

எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

பிறகு தோட்டவெளியிலிருந்தும் பாப்பாமோட்டையிலிருந்தும் போன்கள் வரத் தொடங்கின. போன மாதம், டவுனில் எங்களைவிடப் பெரிய கடை வைத்திருப்பவரே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"இந்த மெமரி மாத்திற வேலை எங்கட ஆக்களுக்குச் சரிவரேல்லை. இனி உங்களிட்ட அனுப்பட்டோ?"

"ஓம், அனுப்புங்கோ," என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்திருக்கப் பெரும்பாடு பட்டேன்.