தாமதமாக வரும் அலை

மத்திகிரியில் யாராவது ஃபெபாவின் வேலையைப் பற்றிக் கேட்டால், அவள் அம்மா ஜெபசீலி "டிவிங்களைப் பார்த்துக்கற வேலை" என்று முடித்துவிடுவாள். அதில் பெரிய பொய்யும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் மூடிக் கிடந்த ஓர் ஆலைக் கூடத்தை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அங்கே சிலையோ செப்பேடோ கிடையாது. திரை, ஒளி, ஒலி, கணினி இவற்றால் ஆன கலைப் படைப்புகள்தான். ஃபெபா அவற்றின் காப்பாட்சியர். பெங்களூரில் கலை வரலாறு படித்தவள். அங்கே ஒரு காட்சிக்கூடத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறவளாகத் தொடங்கி, மெல்ல மெல்ல இங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது பின்பக்கத்து இருட்டறை. உள்ளே போனால் தரை முழுக்க நீல ஒளி நீராக அசையும். கூரையிலுள்ள கேமரா நம் நடையைப் பார்த்து அலை எழுப்பும். ஆனால் அலை உடனே வராது. நாம் கடந்து போன பிறகு, நின்றிருந்த இடத்தில் மெல்ல விரியும். திரும்பிப் பார்த்தால், சற்று முன் அங்கே இருந்த நாம் இன்னும் கிளம்பாமல் நிற்பதுபோல் இருக்கும். பக்கத்து ஆலைகளில் ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நடந்து பார்ப்பார்கள்.

போன வருடம் அந்த அறையின் கணினி செத்துப்போனது. நிரலைப் புதுக் கணினிக்கு மாற்றினார்கள். கால் பட்ட கணமே அலை எழுந்தது. இயக்குநர் மோகனப்ரியாவுக்கு ஒரே சந்தோஷம்.

"சூப்பர் ஃபெபா. இப்பதான் கரெக்டா வேலை செய்யுது."

ஃபெபா நடந்து பார்த்தாள். விளக்கு எரிகிற தரை, அவ்வளவுதான். பின்னால் யாரும் இல்லை.

அந்த அறையை முதலில் உருவாக்கிய ஆனந்தராஜ் எப்போதோ கலையை விட்டுவிட்டு, வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பிடித்துப் போனாள். மரமெல்லாம் பூ. மதிய வெயிலே தேனாய்க் கனத்துக் கிடந்தது. தோப்பாட்களிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் தமிழுக்கு வந்தார்.

"அலை லேட்டா வரணும்னு நீங்கதானே சார் வெச்சீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லீங்க மேடம். நானு உடனே வரணும்னுதான் எழுதினேன். அந்தப் பழைய மிஷினுக்கு அவ்ளோதான் தெம்பு."

"அப்ப இப்ப இருக்கறதுதான் நீங்க நெனைச்சதுங்களா?"

"நெனைச்சது அதுதான்." ஒரு பூங்கொத்தை விரலால் வருடிக்கொண்டே நின்றார். "ஆனா நெனைச்சதை நானு பார்த்ததே இல்லீங்களே. பார்த்ததெல்லாம் அந்த லேட்டுதான். எனக்கும் அதுதான் புடிச்சிருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, யாருகிட்டயும் சொல்லல. எது வேணுமோ நீங்களே வெச்சுக்கங்க."

திரும்பும் வழியில் ஜன்னலோரம் கண் சொருகியது. கிருஷ்ணகிரி மலைப்பாறைகள் பஸ்ஸைத் துரத்த மனமில்லாமல் ஒவ்வொன்றாய்ப் பின்தங்கிக்கொண்டிருந்தன. ஓசூரில் இறங்கும்போது அவள் முடிவு செய்திருந்தாள்.

"நல்லா ஓடறதை நாமளே மெதுவாக்கணுமா?" என்றார் மோகனப்ரியா.

"ஜனங்க இத்தனை நாளா நடந்தது அந்த அலையிலதான் மேடம். அவரு செஞ்சது பாதி, அந்த மிஷின் செஞ்சது பாதி. ஒரு பாதியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல."

மோகனப்ரியா அரைமனதாகத் தலையாட்டினார். நிரலில் தாமதத்தைச் சேர்த்து, கூட்டிக் குறைத்து, ஃபெபா வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தாள். எவ்வளவு தாமதம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை, பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவை திரும்பியபோது, விட்டுவந்த இடத்தில் ஒளி வட்டமாய் விரிந்தது. போதும் என்றாள். இந்தத் தாமதம் பழைய இயந்திரத்தால் வந்தது, அருங்காட்சியகம் அதை விரும்பி வைத்திருக்கிறது என்று வாசல் பலகையில் எழுதவும் செய்தாள். மறைக்க அவளுக்கு இஷ்டமில்லை.

மாங்காய் இறக்கி முடிந்ததும் ஆனந்தராஜ் வந்தார். அறைக்குள் கொஞ்சம் நடந்தார், திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து, "பக்கத்து ரூம் காலியாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார். அந்த வெற்றறையில், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெயில் சுவரேறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யப்போகிறார் என்று ஃபெபா கேட்பதில்லை. டீ மட்டும் கொண்டுபோய் வைக்கிறாள்.