கத்தியைக் கொடுத்தது நான்தான்

என்னை இந்த மைக் முன்னால் நிறுத்திய ஆண்டவருக்கு முதல் நன்றி. என்னைப் பேச விடக்கூடாது என்று சபைக் கமிட்டியில் சொன்னவர்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்னதால்தான் வீட்டிலிருந்து வரும்போதே தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தேன்.

நான் எஸ்தர். இந்தச் சங்கரன்கோவிலில் நன்னடத்தை அலுவலராக இருக்கிறேன். குற்றம் செய்த ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் வெளியே விடும். அப்படி வந்தவர் மறுபடியும் தப்புக்குப் போகாமல் கூடவே நின்று திருத்துவது என் வேலை. இன்றைக்குச் சொல்லப்போவது நம் ஏசுவடியானைப் பற்றி. அவன் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன். அந்தா, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், அவனுக்குக் கூச்சம்.

அவன் கறிக்கடையில் வேலை பார்த்தவன். நம் சபை அசன விருந்துக்கு வருஷா வருஷம் கறி வெட்டியதும் அவன் கைதான். குடிபோதையில், வீட்டுச் சண்டையில், அதே கறிக்கத்தியால் தன் மனைவி ஜெயாவின் அண்ணன் செல்வினைத் தோளில் வெட்டிவிட்டான். செல்வினுக்கு இன்றைக்கும் அந்தக் கை முழுசாகத் தூக்க வராது. அதை நான் மறைக்கவில்லை.

கோர்ட் என்னிடம் ஒப்படைத்த புதிதில் ஏசுவடியான் ஒருநாள் குடித்துவிட்டே ஆபீசுக்கு வந்தான். இன்னொரு தடவை தப்பு செய்தால் ஜெயில்தான் என்று அவனுக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பங்கரை மேடையில் தலையைச் சாய்த்து அழுதேன். இவனை ஏன் ஆண்டவரே என் தலையில் கட்டினீர் என்று சண்டை போட்டேன். பதில் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

ஆளைத் திருத்துவது என்றால் உட்கார வைத்துப் புத்திமதி சொல்வது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். புத்திமதி கேட்டுக் கேட்டு அவன் காது மரத்துப்போய்விட்டது. நானும் ஜெயாவும் அவனும் உட்கார்ந்து, எப்போது குடிக்கிறான், யாரோடு குடிக்கிறான், எந்தச் சொல்லுக்குக் கோபம் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அவனைக் கறிக்கடையிலிருந்து நிறுத்தி, பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். விடியுமுன்னே மார்க்கெட்டில் நிற்க வேண்டியவன் ராத்திரி குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்த மாத்திரை வாங்கினோம். கோபத்துக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். கையில் இருப்பதைக் கீழே வை, எனக்குப் போன் போடு, வேறு ஒன்றும் செய்யாதே.

அவனும் பழகினான். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போன் போடுவான். பூ மூட்டையை இறக்கிவிட்டுப் போன் போடுவான். ஒருநாள் ஜெயாவோடு சண்டை வந்து சோத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறான். ஜெயா பின்னாலிருந்து சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் கத்தியை மட்டும் அவன் தொடவே இல்லை. பார்த்தாலே செல்வின் தோள்தான் கண்ணில் வருகிறது என்றான். தெரிந்த தொழிலைக் கண்டு பயந்து ஒருத்தன் எத்தனை காலம் ஓட முடியும்?

போன வருஷம், நம் கோயில் கட்டி அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் வந்தது. சபையே சேர்ந்து சமைத்து ஊருக்கே பந்தி போடுகிற நாள். கறி வெட்ட வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. நான் எழுந்து, ஏசுவடியான்தான் வெட்டுவான் என்றேன். கமிட்டித் தலைவர் தங்கராஜ் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவன் கையிலயா கத்தியக் குடுக்கச் சொல்லுதீய? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

“நான் பொறுப்பு.”

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, நான் வாயை விட்டுவிட்டேன், இனி நீர்தான் பார்த்துக்கொள்ளணும் என்று ஜெபித்தேன். அந்த வாரம் முழுக்க வேறு ஜெபமே வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொள்ளும், அவன் கையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அசனத்தன்று காலையில் நம் சபைக் கோயில் வளாகத்தில் நான்தான் அவன் கையில் கத்தியைக் கொடுத்தேன். முதலில் தயங்கித் தயங்கி வெட்டினான். ரெண்டு துண்டு வெட்டியதும் கை பழசை நினைத்துக்கொண்டது. நான் பெண்களோடு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். அப்போது செல்வின் உள்ளே வந்தார். வெட்டுகிற கட்டைக்கு நேர் எதிரே போய் நின்றார்.

“என்னல, இன்னைக்கு ஆட்ட வெட்டுதியா, ஆள வெட்டுதியா?”

எல்லாரும் கட்டைப் பக்கம் திரும்பினார்கள். ஏசுவடியானின் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. என்னால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. இயேசுவே, இயேசுவே என்றுதான் வாய் சொன்னது.

அந்த நேரத்தில் என் கைப்பையில் போன் அடித்தது. யாரடா இந்த நேரத்தில் என்று எரிச்சலோடு எடுத்துப் பார்த்தால், ஏசுவடியான். நிமிர்ந்து பார்த்தேன். கத்தி கட்டைமேல் கிடந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டு, ரத்தக் கையோடு போனைக் காதில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம், கோவம் வருது. கத்தியக் கீழ வச்சிட்டேன்.”

“பாத்துக்கிட்டுதான் நிக்கேன் மக்கா. இங்கன வா, தண்ணி குடி.”

வந்தான். குடித்தான். திரும்பிப் போய் மீதிக் கறியையும் வெட்டி முடித்தான். நான் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு வாய்விட்டு அழுதேன்.

செல்வின் சாப்பிடாமல் போய்விட்டார். இன்றுவரை அவனிடம் பேசவில்லை. பேசச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, காயம் அவருக்கு. அவருக்காகவும் ஜெபிக்கிறேன். தங்கராஜ் அண்ணாச்சி மட்டும் குழம்பை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அண்ணாச்சி, நான் பார்த்தேன்.

கோர்ட் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. ஏசுவடியான் மறுபடி கறிக்கடையில் நிற்கிறான். குடியில்லை. ஆண்டவர் இறங்கி வந்து கையைப் பிடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் அவனையே கத்தியைக் கீழே வைக்க வைத்தார். இதற்கு மேல் எனக்கு என்ன பதில் வேண்டும்?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தன் இருந்தால் கைகழுவாதீர்கள். ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு எழுந்து அவன் வீட்டுக்குப் போங்கள். அடுத்த மாதம் அசனம். கத்தியை நான்தான் கொடுக்கப்போகிறேன், அவன்தான் வெட்டப்போகிறான். நம்புகிறவர்கள் பந்திக்கு வாருங்கள். நம்பாதவர்களும் வாருங்கள், உங்களுக்கும் இலை போட்டிருக்கும்.