முதுகில் வைத்த கை

நிவேஸ் அடித்ததில் தப்பே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊர் ஆர்தேனோவில் கிராப்பாச் சாராயம் ஊற்றுகிறவனிலிருந்து மாதா கோயில் மணி அடிக்கிறவன் வரைக்கும் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறான். அவர்களில் ஒருவன்கூட அன்றைக்கு ஸுமெல்லா கணவாயின் உச்சியில் இல்லை. நான் இருந்தேன். அவளுக்குப் பக்கத்தில், சைக்கிள்மேல், வாயில் பாதி வாழைப்பழத்தோடு இருந்தேன்.

என் பெயர் துல்லியா. பெர்கமோ நகரத்துக்கும் எங்கள் மலைக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறேன். நிவேஸ் பன்றி அறுக்கிறவள். குளிர்காலம் பிறந்தால் கத்திகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அவளுடைய அப்பா பார்த்த வேலை அது. ஆண்பிள்ளை இல்லாததால் இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஓர் ஆளைவிட இரண்டு மடங்கு கனமான மிருகத்தைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, ஒரே குத்தில் முடித்து, ரத்தம் தரையில் விழுவதற்குள் வாளியைக் காலால் நகர்த்தி வைப்பாள். மதியம் கையைக் கழுவிவிட்டு எல்லாரோடும் உட்கார்ந்து பொலெண்டா, அதாவது சோளக்களி, தின்பாள்.

அப்படிப்பட்டவள் புருஷனிடம் எப்படி அடி வாங்கினாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"பன்னி என்னப் பாத்து சிரிக்காதுடி," என்றாள். "இவன் அடிக்கிறதுக்கு முன்னாடி சிரிக்கிறான். அந்தச் சிரிப்பப் பாத்ததும் எனக்குக் கை எழும்ப மாட்டேங்குது."

அந்தப் புருஷன் ரீனோ கல் குவாரியில் லாரி ஓட்டினான். ஆள் ஜம்மென்று இருப்பான். கோயிலில் பாடுவான், கடையில் எல்லாருக்கும் ஊற்றச் சொல்வான். ஊருக்கே செல்லப்பிள்ளை. வீட்டுக்குள், சூப்பில் உப்புக் குறைந்ததற்காகக் கொதிக்கிற சட்டியை அவள் தோளில் கவிழ்த்தான். அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். நாசமாய்ப் போனவன்.

எங்கள் ஊரில் ஜூன் மாதம் ஜோடி சைக்கிள் ஓட்டம் நடக்கும். தொழில்முறைக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். தச்சன், வாத்தியார், பால் பண்ணைக்காரன் என்று நாங்கள்தான் ஓட்டுவோம். இரண்டிரண்டு பேராக விடியலில் கிளம்பி, நான்கு கணவாய் ஏறி இறங்கி, சாயங்காலம் சதுக்கத்துக்கு வந்து சேரவேண்டும். ஒருவர் விட்டுவிட்டால் இருவருமே அவுட். தெம்புள்ளவர் தன் ஜோடியின் முதுகில் கை வைத்துத் தள்ளலாம், வேறு யாரும் தொடக்கூடாது. கடைசியில் சதுக்கத்துக்கு ஏறுகிற கல் பாவிய மேட்டில் அந்தக் கை இருந்தே ஆகவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஆனால் ஜனம் விடாது. இரண்டு பக்கமும் நின்று "கை! கை!" என்று கத்தும். கையில்லாமல் வந்த ஜோடியை அடுத்த ஜூன் வரைக்கும் கேலி பேசும்.

தொண்ணூற்று இரண்டில் ரீனோவும் நிவேஸும் ஜோடியாக ஓட்டினார்கள். ஏற்றத்தில் வேர்த்த உடம்போடு இறங்கினால் காற்று நெஞ்சைப் பிளக்கும். அதனால் உச்சியில் நிற்கிறவர்கள் பழைய செய்தித்தாளை நீட்டுவார்கள், நாங்கள் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வோம். நின்று செருகவேண்டும். எங்களில் யார் நிற்கிறோம்? ஓடுகிற சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் செருகுவதுதான் இங்கே கெத்து. ஸுமெல்லாவின் உச்சியைத் தாண்டி, இறக்கம் தொடங்குகிற இடத்தில், நிவேஸ் இரண்டு கையாலும் பேப்பரைச் செருகிக்கொண்டிருந்தாள். ரீனோவின் கை அவள் முதுகில் இருந்தது. எதிரே முதல் வளைவின் கல் சுவர். முகத்தைக் கொண்டுபோய் அதில் மோதினாள். தாடை, காறை எலும்பு, முன்பல் இரண்டு. ரத்தத்தில் ஊறிய பேப்பரை அவள் நெஞ்சிலிருந்து நர்ஸ் துண்டு துண்டாகத்தான் உரித்தாள்.

"தடுமாறினா, பிடிக்கத்தான் பாத்தேன்," என்று ரீனோ அழுதான். அவன் அழுததைப் பார்த்து ஊரே அழுதது. ரெண்டு கையையும் விட்டால் இப்படித்தான் என்று திட்டு முழுக்க நிவேஸுக்கு. ஜோடிக்காரன் கை முதுகில் இருப்பது வழக்கம்தானே, அதில் யார் என்ன கேட்டுவிட முடியும்? தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவளாலும் பேச முடியவில்லை. கம்பியை எடுத்த அன்று நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"தள்ளினான்," என்றாள்.

அதன் பிறகு அவள் ரீனோவின் வாசலை மிதிக்கவில்லை. நான் நம்பினேன். வேறு யாரும் நம்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன், வந்து நின்றாள்.

"ஜோடிக்கு வர்றியா?"

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அந்த இறக்கத்துல நான் இறங்கணும், துல்லியா. இறங்கி, மிச்சத்தையும் ஓட்டி, சதுக்கத்துக்கு வரணும். கண்ண மூடினா இன்னும் அந்தச் சுவத்துலதான் கெடக்கேன்."

"சரி, வர்றேன்."

"ஒண்ணு மட்டும். என் முதுகுல கை வச்சே, ஒடிச்சிடுவேன்."

"ஏற முடியாமப் போச்சுன்னா?"

"ஒடிச்சிடுவேன்னு சொன்னேன்ல?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக்காரி ஒருநாள் பிரியமாக முதுகில் தட்டப்போய், முழங்கையால் மூக்கில் வாங்கிக்கொண்டாள். பயிற்சிக்குப் போனபோது பள்ளத்தைத் தவிர்க்க ஒதுங்கி நானும் தெரியாமல் தொட்டுவிட்டேன். திரும்பிக் காதோடு சேர்த்து ஓர் அறை. நான் மட்டும் சும்மா இருக்கிற ஜென்மமா? திருப்பி ஒன்று வைத்தேன். இருவரும் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தோம். எழுந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஏறினோம்.

ஓட்டத்தன்று ரீனோவும் வந்திருந்தான். அவனுக்கு இப்போது ஜோடி காட்யா, முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். குளிர்காலத்திலிருந்து அவன் வீட்டில்தான் இருக்கிறாள். கிளம்புகிற கோட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவன் கேட்டான்.

"என்ன நிவேஸ், புதுப் பல்லு நல்லாக் கடிக்குதா?"

சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் என் பஸ்ஸில் வருகிறவர்கள். நான் இறங்கி அவனை நோக்கிப் போனேன். நிவேஸ் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி. ஓட்டத்துக்கு வந்திருக்கோம்."

முதல் கணவாய் சரியாகப் போனது. இரண்டாவதில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டு முகத்தை அறைந்தது. எங்களுக்கு முன்னால் போன வாத்தியார் வழுக்கி விழுந்து, முழங்காலில் எலும்பு தெரிய உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நிவேஸ் நின்று தன் கழுத்துத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். "கத்தாதீங்க சார், பன்னி பரவால்ல," என்றாள். அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஸுமெல்லா ஏற்றத்தில் ரீனோவையும் காட்யாவையும் பிடித்தோம். அவன் அவளைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"மிதிடி, மாடே! உன்னால என் மானம் போகுது!"

"நீ மிதி, லாரிக்காரா! மலைய நானா போட்டேன்?"

கண்ணில் நீர் வழிய வழியப் பதில் சொன்னாள், வாயாடி. உச்சி நெருங்க நெருங்க அவன் அடங்கிப்போனான். அடங்கினதும் அவள், தான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாள். உச்சியில் பேப்பர் நீட்டினார்கள். வாங்கினாள். கெத்தாக இரண்டு கையையும் விட்டுச் சட்டைக்குள் செருக ஆரம்பித்தாள். ரீனோ பக்கத்தில் வந்து அவள் முதுகில் கை வைத்தான். சிரித்தான்.

தள்ளினானா, தள்ளப்போனானா என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தச் சிரிப்பை நிவேஸ் பார்த்தாள். அதற்குமேல் என்ன வேண்டும்?

கை எழும்பியது. சைக்கிள் சட்டத்தில் மாட்டியிருந்த இரும்புப் பம்பை உருவி, ஓட்டிக்கொண்டே பக்கத்தில் போய், அந்தக் கையின் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ரீனோ அலறிக்கொண்டு சரளைக்கல்லில் உருண்டான். காட்யா ஆட்டம் கண்டு புல்வெளிக்குள் இறங்கி, அங்கே சைக்கிளோடு சாய்ந்தாள். நிவேஸ் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு அவன்மேல் போனாள். அவன் எழுந்து, முறியாத கையால் அவள் வாயில் குத்தினான். பொய்ப்பல் இரண்டும் ரோட்டில் தெறித்தன. அவள் பம்பால் காதில் அடித்தாள், முழங்காலில் அடித்தாள், அவன் குனிந்தபோது முதுகில் அடித்தாள். நானும் என் பங்குக்கு இரண்டு உதை விட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பேப்பர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து விலக்கினார்கள்.

காட்யா புல்லிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். கும்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் நிவேஸின் கன்னத்தில் பளாரென்று விட்டாள்.

"பேயே! என் ஆளு கைய ஒடிச்சிட்டியே! உன்ன விட்டுட்டு வந்தான்னு வயித்தெரிச்சலாடி உனக்கு?"

காட்யாவின் சட்டையில் பேப்பர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கியது. நிவேஸ் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"பேப்பர நின்னு செருகு. செருகிட்டுத் திட்டு."

நடுவர் போனெத்தி மோட்டார் சைக்கிளில் வந்தார். கேள்வி இல்லை, விசாரணை இல்லை, எங்கள் முதுகிலிருந்த நம்பர்களைக் கிழித்து எடுத்தார்.

"ரெண்டு பேரும் அவுட். கீழ சதுக்கத்துல போலீஸ் நிக்கும், பேசிக்கோங்க."

"நம்பரத்தான கிழிச்சீங்க?" என்றாள் நிவேஸ். பல்லில்லாமல் காற்றாக வந்தது வார்த்தை. "சக்கரத்தக் கிழிக்கலயே?"

இரண்டு பல்லையும் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு பேப்பரை வாங்கி, எல்லாரும் பார்க்க அசையாமல் நின்று, நிதானமாக நெஞ்சில் செருகினாள். இறங்கினாள். நான் பின்னால் போனேன். முதல் வளைவு வந்தது. அவள் தோள் இறுகியதைப் பார்த்தேன், பிரேக் பிடித்த கை வெளுத்தது. சுவரை ஒட்டிப் போனபோது அதன்மேல் ரத்தத்தோடு துப்பினாள். வளைவைத் தாண்டிவிட்டோம். எனக்கு அழுகை வந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது கணவாயில்தான் உயிர் போனது. பழைய காறை எலும்பு வலித்தது, வாய் வீங்கிவிட்டது, எதையும் மெல்ல முடியவில்லை. தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன், பாதி மோவாய் வழியாக ஒழுகிற்று. விட்டுவிட்டவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியில் வருகிற வேன் எங்களை நெருங்கியது. நாங்கள்தான் கணக்கில் இல்லையே, நிற்காமல் தாண்டிப் போனது. ரீனோ முறிந்த கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"சதுக்கத்துக்கு வாடி! உன்ன உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

காட்யா அதே வேனில்தான் இருந்தாள். அவனிடமிருந்து ஓர் ஆள் இடம் தள்ளி, அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்கு வந்தபோது பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கூட்டம் கலையவில்லை, எங்களுக்காகவே நின்றது. கல் பாவிய மேட்டில் முன்சக்கரம் ஏறியதும் தொடங்கினார்கள்.

"கை! கை!"

வாழ்த்தா அது? கேலி. "வச்சிடாத துல்லியா, ஒடிச்சிடுவா!" என்று ஒருத்தன் கத்தினான். கொல்லென்று சிரிப்பு. எங்கிருந்தோ ஒரு தக்காளி பறந்து வந்து நிவேஸின் காதில் உடைந்தது. இன்னொரு பக்கம் வாத்தியார், கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, "மிதி நிவேஸ், மிதி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மேலே கோட்டுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் குத்தோலோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பாதி மேட்டில் அவள் சக்கரம் ஆடியது. இன்னொரு சுற்று மிதிக்க அவள் காலில் ஒன்றுமில்லை. நின்றால் விழுவாள், விழுந்தால் எழமாட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கை துடித்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். என் கை ஒடியும் என்ற பயம் இல்லை. கேட்காமல் ஒரு கை அந்த முதுகில் விழுந்தது ஒரு தடவையே போதும்.

"நிவேஸ், இன்னும் கொஞ்சம்தான்டி," என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். காற்றில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒடிக்கப்போகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். இழுத்தாள். இழுத்துத் தன் முதுகின் நடுவில், நம்பர் கிழிந்த இடத்தில், என் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"தள்ளு," என்றாள்.

தள்ளினேன். ஈரச்சட்டைக்குக் கீழே அவள் முதுகு நடுங்கியது, என் கைக்கு முழுசாகத் தெரிந்தது. கத்திக்கொண்டிருந்த ஜனம் எப்போது நிறுத்தியது என்று கவனிக்கவில்லை. கோட்டைத் தாண்டினோம். ஒலிபெருக்கிக்காரன் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. குத்தோலோ ஒரு எட்டு முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

சைக்கிள்களைவிட்டு இறங்காமல், காலைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினோம். என் கை இன்னும் அங்கேயே இருந்தது.

"கோடு தாண்டியாச்சு," என்றேன். "எடுத்துடட்டுமா?"

"இருடி," என்றாள் நிவேஸ். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

போலீஸ்காரர் காத்திருந்தார்.